கால் படாத முதுகு

ஜூன் 3, செவ்வாய்

இன்று கிளினிக்குக்குள் வந்தவர்கள் மூன்று பேர். மின்சார மீட்டர் பார்ப்பவர், பழனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டவர், பக்கத்து வீட்டு ஆடு. மூவரில் ஆட்டுக்குத்தான் இடுப்பு கொஞ்சம் சரியில்லை போலிருந்தது. பார்க்கலாம் என்று எழுவதற்குள் போய்விட்டது.

தாராபுரத்தில் 'பிரதீபா பிசியோதெரபி மையம்' என்று பலகை மாட்டி இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஊருக்கு இது 'கரண்ட் வெக்கிற எடம்'. கரண்ட் என்றால் பயம். அதனால் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு நிற்கிறது. எலும்புகள், நடுவில் தட்டுகள், கட்டிப்பிடித்திருக்கும் நார்கள் எல்லாம் தனித்தனி நிறத்தில். அத்தை அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருக்கிறார். வாயும் வயிறுமாக யாராவது வந்தால் பயந்துவிடுவார்களாம். முதலில் யாராவது வரட்டும்.

அத்தை என்றால் என் மாமியார் ரத்தினாத்தாள். வீடு அடுத்த தெருவில்தான். மதியச் சாப்பாட்டை அங்கிருந்து சைக்கிளில் கொண்டுவருகிறார். நடந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடலாம். இப்போதெல்லாம் எதிர்வீட்டுக்குப் போகவும் அவருக்கு அந்தப் பழைய லேடீஸ் சைக்கிள் வேண்டும். அறுபத்திரண்டு வயதில் இந்த ஸ்டைல்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மெயில் வந்துவிட்டது. என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆவணியில் சேர வேண்டும். ஆகஸ்ட் நான்காம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் கணவர் லோகுவுக்கு அவர் வேலை பார்க்கும் மில்லின் கோயம்புத்தூர் ஆபீஸில் இடம் கிடைத்துவிடும். அத்தையிடம் சொன்னோம். "உன்ற இஷ்டம் அம்மிணி" என்றார். அவ்வளவுதான். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் சண்டையாவது போடலாம். மனுஷி அதற்கும் இடம் தரவில்லை.

போவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

என் மானம் போய்விட்டது. காரணம் என்னைப் பெற்றவள்.

நான் பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்ததாம். காலால் பிறந்தவர்கள் தங்கள் காலால் முதுகை நீவிவிட்டால் பிடிப்பு, சுளுக்கு எல்லாம் பறந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. சின்ன வயதில் திருச்சியில் எங்கள் தெருப் பெரியவர்கள் என்னைத் தூக்கித் தூக்கி முதுகில் விட்டுக்கொள்வார்கள், ஒரு மிட்டாய் தருவார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் பிசியோதெரபியே படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அம்மா போனில் பேசும்போது இதை அத்தையிடம் உளறியிருக்கிறாள். அத்தை ஒரே ஒருவரிடம்தான் சொன்னாராம். அந்த ஒருவர் மைதீன் பாய். வெங்காயத் தள்ளுவண்டி வைத்து ஊரில் ஒரு தெரு விடாமல் போகிறவர்.

இன்று காலை சென்னியப்பன் என்பவர் வந்தார். ரைஸ்மில்லில் மூட்டை தூக்குபவர். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒருக்களித்து நடந்து வந்தார். முதல் நோயாளி என்று எனக்கு ஒரே சந்தோஷம். துண்டை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் முதுகெலும்பைக் காட்டி விளக்கினேன்.

"ஒவ்வொரு எலும்புக்குப் பின்னாடியும் ரெண்டு சின்ன மூட்டு இருக்குங்க. மேல இருக்கிற எலும்பு கீழ இருக்கிறது மேல ஓடு அடுக்கின மாதிரி சாஞ்சு உக்காந்திருக்கும். மூட்டையோட சேர்ந்து திரும்புனீங்கன்னா அந்த மூட்டு கோவிச்சுக்கும். அதைச் சுத்தியிருக்கிற நார் இழுபட்டு வீங்கிடும். அதுதான் உங்களுக்கு."

எல்லாவற்றையும் பக்தியோடு கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தார்.

"செரிங்க. நீங்க கால வெச்சுருங்."

ஜூன் 16, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் படியில் வரிசை. காங்கயத்திலிருந்துகூட ஒருவர். ஒருவரும் கையைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் என் காலைப் பார்க்கிறார்கள். நாலரை வருடம் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றிய இடத்தில் பிழைப்பு நடக்கிறது என்றால் எப்படி இருக்கும்?

முடியாது என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து அத்தையிடம் கத்தினேன். அவர் சமையல்மேடையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டு, கன்னத்தில் கைவைத்து, நிதானமாகக் கேட்டார். இப்போதெல்லாம் அப்படித்தான் நின்று பேசுகிறார், ஏதோ ஜன்னலில் வேடிக்கை பார்ப்பதுபோல.

"கேக்கறவங்களுக்குக் குடு. சும்மா குடுக்காத" என்றார்.

"அப்படின்னா?"

"பழனிக்கு மால போடறவன் சும்மாவா போறான்? வெரதம் இருந்துதான போறான். உன்ற காலுக்கும் ஒரு வெரதம் வெய்யி. நீ சொல்ற எக்சர்சைஸ் அத்தனையும் அஞ்சு நாளும் தவறாம செஞ்சவனுக்குத்தான் கால்னு சொல்லிப்போடு. எடையில விட்டா மறுபடியும் மொதல்ல இருந்து."

இது ஏமாற்று வேலை என்றேன்.

"ஆர ஏமாத்தற? எக்சர்சைஸ் நெசம். காலும் உன்ற கால்தான."

ஜூன் 22, ஞாயிறு

விரதம் வேலை செய்கிறது. என்னால் நம்ப முடியவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்தால் ஒரே நாளில் விட்டுவிடுகிறவர்கள், காலுக்காக விடியற்காலையில் எழுந்து முழங்காலை மடக்கி நீட்டுகிறார்கள். சென்னியப்பன் மூட்டை தூக்கும் முறையையே மாற்றிக்கொண்டுவிட்டார். விரதம் முடிந்து என்னிடம் வந்தபோது அவருக்கு வலியே இல்லை. ஆனாலும் கால் வேண்டும் என்று படுத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, பூனை மிதிப்பதுபோல மூன்று தடவை வைத்தேன். எழுந்து "இப்பத்தானுங்க செரியாச்சு" என்றார். பேர் முழுக்கக் காலுக்கு. பற்றிக்கொண்டு வந்தது.

இன்று கிளினிக் லீவு. அத்தை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே குழம்பு வைத்தார். ஸ்டூல் எதற்கு என்றேன், "ராணியாட்ட சமைக்கறேன்" என்றார். சாயங்காலம் அனுமந்தராயன் கோயிலுக்குக் கூப்பிட்டேன். வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறவர், இப்போது "சாமி இங்கயும்தான் இருக்குது" என்கிறார். வயதானால் பக்தி கூடும் என்பார்கள். இவருக்குக் குறைகிறது.

லோகு வாடகை வீடுகளின் படங்களைக் காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. எதிலும் சமையல்மேடை அவ்வளவு வசதியாக இல்லை.

ஜூன் 27, வெள்ளி

கழுத்து வலிக்காகத் தங்கமுத்து மாஸ்டர் வருகிறார். கவர்ன்மெண்ட் ஸ்கூலில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கால் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆத்மா. கழுத்துக்கு ஒத்தடம் வைத்திருக்கும் நேரத்தில் பிளாஸ்டிக் முதுகெலும்பைப் படம் வரைகிறார். உள்ளே ஓடும் மஞ்சள் பட்டை என்ன என்று கேட்டார். இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான்.

"அது மஞ்சள் நாருங்க சார். நரம்பு போற பாதைக்குப் பின்சுவர் மாதிரி, மேலிருந்து கீழ வரைக்கும் எலும்புக்கு எலும்பு கட்டியிருக்கும். ரப்பர் மாதிரி இழுத்தா இழுபடும். வயசாக ஆக அது தடிச்சுப்போகும். பக்கத்துல இருக்கிற சின்ன மூட்டும் வீங்கும். அப்ப நரம்பு போற வழி குறுகிடும். நிமிர்ந்து நின்னாலோ நடந்தாலோ கால் கனக்கும், மரத்துப்போகும். குனிஞ்சா அந்த நார் இழுபட்டு மெலிசாகி வழி விடும், உடனே சுகமா இருக்கும். அதனால அப்படிப்பட்டவங்க எதையாவது பிடிச்சுக் குனிஞ்சுக்கிட்டா எவ்வளவு தூரமும் நடப்பாங்க. சைக்கிள்கூட ஓட்டுவாங்க."

"அடேங்கப்பா" என்றார். பென்சிலை நிறுத்திவிட்டு ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் போன் அடித்தது.

சாயங்காலம் பெரிய அவமானம். கடைவீதியில் வெங்காய வண்டி வருகிறது. தள்ளிக்கொண்டு வருவது என் மாமியார். கைப்பிடியில் சாய்ந்து, உற்சாகமாக, பக்கத்தில் வெறுங்கையோடு நடக்கும் மைதீன் பாயிடம் அரசியல் பேசியபடி. ஒரு தெரு இல்லை, ஐந்து தெருவாம். "பாவம் பாய்க்கு வயசாச்சு, ஒரு கை குடுத்தேன்" என்கிறார். பாய்க்கு இவரைவிடப் பத்து வயது குறைவு. எக்ஸ்பர்ட் பிசியோதெரபிஸ்ட்டின் மாமியார் சின்ன வெங்காயம் விற்கிறார் என்று ஊர் பேசாதா? லோகுவிடம் சொன்னால் சிரிக்கிறார்.

ஜூலை 1, செவ்வாய்

தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. அத்தையின் ஒரு செருப்பைக் காணோம். காலிலிருந்து எங்கே கழன்றது என்றே தெரியாதாம். இப்படியும் ஒரு ஞாபகமறதி.

ஜூலை 8, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

தங்கமுத்து மாஸ்டருக்குக் கழுத்து சரியாகிவிட்டது. இன்று கடைசி நாள். விடைபெறும்போது கேட்டார், "உங்க அத்தைக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?"

"அத்தைக்கு என்ன சார்? நல்லா இருக்காங்களே."

"அன்னைக்கு அந்த மஞ்சள் நாரைப் பத்திச் சொன்னீங்களே. நிக்க முடியாது, குனிஞ்சா சொகம், எதையாச்சும் தள்ளீட்டு நடப்பாங்க, சைக்கிள் ஓட்டுவாங்கன்னு. உங்க அத்தையப் பத்தித்தான் சொல்றீங்கன்னு நெனச்சேனுங். ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போனீங்களான்னு கேக்கலாமுன்னு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சைக்கிள். சமையல்மேடை. ஸ்டூல். கோயில் வரிசை. கழன்றது தெரியாத செருப்பு. வெங்காய வண்டி. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்து முழு மார்க் வாங்கியவள் நான். ஊரில் உள்ள இடுப்பையெல்லாம் தட்டிப் பார்த்தேன். என் தட்டில் சோறு போடுகிறவரைப் பார்த்துக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

அத்தையைக் கட்டிலில் உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு லேசாக என்றார். பிறகு தை மாசத்திலிருந்து என்றார்.

"தையிலிருந்தா? வீட்டுலயே ஒருத்தி இருக்கேன், என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா?"

"பார்த்திருப்பேன்ல."

"பாத்திருப்ப. அப்பறம் கோயமுத்தூருக்குப் போகாம இங்கியே உக்காந்திருப்ப. மாமியாளுக்கு முடியலைன்னு நின்னுட்டேன்னு நாளைக்கு உன்ற மனசுல ஒரு மூலையில இருக்கும். எனக்கு அது வேண்டாம். இருந்தா நீ உனக்காக இருக்கோணும். இல்லீன்னா ராசாவாட்டப் போகோணும்."

"அப்போ கிளினிக்குக்கு ஆள் பிடிச்சு அனுப்புனது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது வேற. உன்ற தொழிலு நல்லா நடந்தா நீயாவே இருப்பியோன்னு ஒரு ஆசை. ஆசைப்படறதுக்குமா உன்ற பர்மிசன் வேணும்?"

எனக்குக் கோபம், வெட்கம், பாசம் எல்லாம் ஒன்றாக வந்தது. ஒன்றையும் காட்டாமல் பரிசோதிக்க ஆரம்பித்தேன். பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று பார்க்கக் குனிந்து அவர் காலைத் தொட்டேன். பட்டென்று என் தலையில் கை வைத்து "மகராசியா இரு" என்றார்.

"ஆசீர்வாதம் கேக்கல அத்தை. டெஸ்ட் பண்றேன்."

"கால்ல கை பட்டா வாய்ல தானா வருது, நான் என்ன பண்ணட்டும்."

மறு காலைத் தொட்டேன். மறுபடியும் ஆசீர்வதித்தார். சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா என்று கேட்டதற்கு மட்டும், மகன் வெளியே போனால்தான் சொல்வேன் என்றார். லோகு போனார். அந்தத் தொந்தரவு இல்லை. பாதத்தில் வலுவும் இருக்கிறது. கட்டைவிரல் பக்கம்தான் மரமரப்பு. கொஞ்சம் மூச்சு வந்தது எனக்கு.

ஜூலை 12, சனி

திருப்பூரில் ஸ்கேன். பிறகு எலும்பு டாக்டர். நான் நினைத்ததேதான். கீழ்முதுகில் இரண்டு இடத்தில் மஞ்சள் நார் தடித்து, சின்ன மூட்டுகளும் பருத்து, நரம்புப் பாதை நெருக்கமாகியிருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் அவசரம் இல்லை, ஆறு வாரம் பயிற்சி கொடுத்துப் பாருங்கள், கால் வலு குறைந்தால் உடனே கூட்டிவாருங்கள் என்றார். "நல்ல பிசியோதெரபிஸ்ட் யாராவது தெரியுமா?" என்று கேட்டார்.

"இருக்கறாளுங்க ஒருத்தி. கோயமுத்தூருக்குப் போறாளாமா" என்றார் அத்தை.

டாக்டருக்குப் புரியவில்லை. லோகு இருமினார்.

ஜூலை 13, ஞாயிறு

அத்தை இன்று முழுக்க என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் வெட்கத்தோடு ஆரம்பித்தார். "அல்லாருக்கும் வெக்கற. நானும் வெரதம் இருந்தா எனக்கும் உண்டா?"

ஊருக்குக் கதை கட்டியவரே அதை நம்பவும் செய்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது.

"அதுல ஒண்ணும் இல்லை அத்தை. உங்க ஆசைக்கு வேணும்னா லேசா வைக்கிறேன்."

காலைத் தூக்கக்கூட இல்லை, அதற்குள் அவரே பதறி எழுந்துவிட்டார். "அய்யோ வேண்டாம். மருமவ கால் மாமியா முதுகுல பட்டா ஊரு காறித் துப்பும். உனக்கும் பாவம்."

லோகு ஒரு யோசனை சொன்னார். நடுவில் தலையணை வைத்துக்கொள்ளலாம். அத்தை கொஞ்ச நேரம் தீவிரமாக யோசித்தார். தலையணை வழியாகச் சக்தி இறங்குமா என்பது சந்தேகம். இறங்கினால் பாவமும் கூடவே இறங்கும். கடைசியில் வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று.

"என்ற தலையெழுத்து. ஊருக்கெல்லாம் காலு, எனக்கு மட்டும் எக்சர்சைஸு" என்று பெருமூச்சு விட்டார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தேங்காய் சுடும் பண்டிகை. தேங்காயின் கண்ணைத் திறந்து, வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் அடைத்து, குச்சியில் செருகி வாசலில் சுட்டோம். அத்தை உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டார். திருச்சியில் இது கிடையாது. மூன்று துண்டு தின்றேன்.

இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பயிற்சி அவருக்குப் பிடித்திருக்கிறது. வயிற்றுத் தசையை இறுக்கும் பயிற்சி பிடிக்கவில்லை. நான் பார்க்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்து முகத்தைக் கஷ்டமாக வைத்துக்கொள்கிறார். வயிறு அப்படியே இருக்கிறது. தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். "போலீஸ்காரி" என்றார்.

கிளினிக்கில் தங்கமுத்து மாஸ்டருக்குப் பிறகு என் கையில் நம்பிக்கை வைத்தவர்கள் ஒருவரும் இல்லை. எல்லாம் கால் பக்தர்கள்தான்.

ஜூலை 25, வெள்ளி

கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம். மேடையில் முழங்கை ஊன்றாமல் ரசம் வைத்தார். இன்று மைதீன் பாய் வாசலில் நின்று, "அம்மா ஏன் வரமாட்டேங்கறாங்க? வண்டி தள்ளி ரெண்டு வாரமாச்சுங்க, எனக்குத் தோள் வலிக்குது" என்றார். அவரையும் விரதத்தில் சேர்த்திருக்கிறேன்.

லோகு, கோயம்புத்தூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டார். ஆடிப் பதினெட்டு கழியட்டும் என்றேன். ஆடி மாதத்தில் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று சட்டம் பேசினேன். இதிலெல்லாம் உனக்கு எப்போதிலிருந்து நம்பிக்கை என்று கேட்டார். துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் முளைப்பாரியோடு அமராவதிக்கு நடந்துபோவது வழக்கம். அத்தை சைக்கிளை எடுக்கவில்லை. "நடந்துதான் வருவேன்" என்றார். மடக்கு ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். கால் கனத்தால் உட்கார்ந்து குனிய வேண்டும், வீராப்பு காட்டக் கூடாது என்று வழியெல்லாம் சொன்னேன்.

ஆற்றுப் பாலம் வரை ஒரே ஒரு இடத்தில்தான் உட்கார்ந்தார். செருப்புத் தைக்கும் கடை நிழலில், கொஞ்ச நேரம். கும்பல் முழுவதும் அவருக்காக நின்றது. பிறகு எழுந்து, யாரையும் பிடிக்காமல், எதையும் தள்ளாமல், தண்ணீர் வரை நடந்தார். அந்தத் தடித்த நார் இன்னும் தடிமனாகத்தான் இருக்கிறது, அது போகாது. ஆனால் அதோடு குடித்தனம் நடத்த அத்தை கற்றுக்கொண்டுவிட்டார்.

கரையில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வண்டி தள்ளிய கதை எல்லோருக்கும் தெரியும். சென்னியப்பன் சம்சாரம்தான் முதலில் கேட்டது, "ஏனுங்கக்கா, மருமவ கால் வெச்சுருச்சாட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"ஏன்டி, என்ற மருமவ கால் என்ற மேல படுமா? அப்படியா அவள வளத்திருக்கறாங்க?"

"அப்பறம் எப்புடிச் செரியாச்சு?"

இந்த ஊரில் என் காலின் புகழைப் பரப்பியவர் அவர்தான். அதை அவரேதான் உடைக்க வேண்டும். அவருக்கும் அது தெரிந்தது.

"கைல பாத்தா. கேள்வி கேட்டா. இன்னதுன்னு கண்டுபுடிச்சா. தெனமும் வெரட்டி வெரட்டிச் செய்ய வெச்சா. கால் படவே இல்ல. படிச்ச படிப்புதான்டி செரி பண்ணுச்சு. உங்களுக்கும் அதுதான் பண்ணுச்சு. கால் சும்மா, நான் கெளப்பி உட்டது."

சென்னியப்பன் சம்சாரம், "அப்ப எங்க வீட்டுக்காரர் குப்புறப் படுத்தது?" என்று கேட்டார். அத்தை, "படுத்தா தப்பில்ல, நல்லதுதான்" என்றார். மறுபடியும் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காலேஜில் பரிசு வாங்கிய மேடையில்கூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் படியில் நான்கு பேர்தான். வரிசை சுருங்கிவிட்டது. ஆனால் முதலில் வந்த பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்து, "எனக்கு எதனால வலிக்குதுன்னு பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டார். முதுகெலும்பின்மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன்.

மதியம் கோயம்புத்தூருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். இங்கே வேலை இருக்கிறது என்றேன். வருத்தம் இல்லை என்று முதல் நாள் எழுதியது பொய். அந்த வீடுகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சாப்பாட்டுத் தூக்கோடு அத்தை நிற்கிறார். வாசலில் சைக்கிள் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"எனக்காகன்னா வேண்டாம் அம்மிணி. அன்னைக்கே சொல்லிப்போட்டேன்."

"உங்களுக்காக நான் எதுக்கு இருக்கணும்? நீங்கதான் ஆத்துக்கு நடந்து போறீங்க, சோறு தூக்கிட்டு நடந்து வர்றீங்க. இனிமே உங்களுக்கு நான் தேவையே இல்லை."

யோசித்துப் பார்த்தார். "ஆமா. தேவையில்லதான்."

"அதனாலதான் அத்தை, இருக்கேன்."

தூக்கை மேஜைமேல் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நிமிர்ந்து. பிறகு, வெளியே ஆள் காத்திருக்கிறது, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார் என்று விரட்டினார்.